சாக்லேட் தொழிற்சாலையும் நிலவறையும்

புற்றுநோயின் மூலக்கூறு அடிப்படையை ஆராய ஒரு பல்கலைக்கழகம் தனி மையம் தொடங்க முடிவெடுத்தால் முதலில் நிதி தேடுவார்கள், பிறகு கட்டடம், அதன் பிறகு பேர்பெற்ற ஒரு தலைவர். அந்தத் தலைவர் யாரை வேலைக்கு எடுப்பார், எடுத்தவர்களை எத்தனை காலம் விட்டுவைப்பார் என்ற கேள்வி கடைசியில்தான் வரும். பல இடங்களில் வருவதே இல்லை. அமெரிக்காவில் 34 ஆண்டு இடைவெளியில் தொடங்கிய இரண்டு மையங்களின் கதையைச் சேர்த்துப் படிக்கும்போது, அந்தக் கடைசிக் கேள்விதான் முதலில் வந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஒன்று, மேடிசன் நகரில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1940இல் தொடங்கிய மெக்ஆர்டில் புற்றுநோய் ஆய்வகம். மற்றது, கேம்பிரிட்ஜில் உள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், அதாவது எம்.ஐ.டி., 1974இல் தொடங்கிய புற்றுநோய் ஆய்வு மையம்.

மெக்ஆர்டில் என்பது ஒரு வழக்கறிஞரின் பெயர். விஸ்கான்சினில் படித்து, சிகாகோவில் தொழில் செய்து பொருள் சேர்த்தவர். 1935இல் புற்றுநோயில் இறந்தார். அவர் உயிலில் எழுதிவைத்த பணத்தில் எழுந்ததுதான் ஆய்வகம். முதல் இயக்குநர் ஹெரால்ட் ரஷ் அதே பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர். பொறுப்பேற்கும்போது முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார். 1940இல் புற்றுநோய்க்குச் சிகிச்சை என்றால் அறுவை, ரேடியம், எக்ஸ்-கதிர், அவ்வளவுதான். மரபணு டி.என்.ஏ.வால் ஆனது என்பதற்கு ஏவரி குழுவினரின் சான்று வரவே இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. 'மூலக்கூறு அடிப்படை' என்று சொல்ல வேண்டுமானால் எந்த மூலக்கூறு என்றே தெரியாத காலம்.

எம்.ஐ.டி. மையத்தின் பிறப்பு வேறு விதம். 1971 டிசம்பர் 23 அன்று அதிபர் நிக்சன் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அரசுப் பணம் பெருகி வந்தது. அந்தப் பணத்தைக் கொண்டு எம்.ஐ.டி.யில் மையம் கட்டும் பொறுப்பை ஏற்றவர் சால்வடோர் லூரியா. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களில் செய்த ஆய்வுக்காக 1969இல் நோபல் பெற்றவர். மரபணுக் குறியீடு படிக்கப்பட்டாயிற்று, டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் கைக்கு வந்துவிட்டன. வளாகத்தின் ஓரத்தில் பழைய சாக்லேட் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றைச் சீரமைத்து லூரியா ஆட்களைக் குடியேற்றினார். எம்.ஐ.டி.க்கு மருத்துவக் கல்லூரியும் கிடையாது, மருத்துவமனையும் கிடையாது. அந்த மையத்துக்குள் ஒரு நோயாளிகூட வரப்போவதில்லை என்பது முதல் நாளே தெரிந்த செய்தி.

விஸ்கான்சினில் ரஷ் எடுத்தவர்களைப் பாருங்கள். வான் பாட்டர், நொதி வேதியியலாளர். ஷெஃபீல்டில் உயிர்வேதியியலாளர் கிரெப்ஸின் ஆய்வகத்தில் பழகிவிட்டு வந்தவர். எலிசபெத் மில்லரும் ஜேம்ஸ் மில்லரும், கணவன் மனைவி, உயிர்வேதியியலாளர்கள். சார்லஸ் ஹைடல்பெர்கர், பெர்க்லியில் கதிரியக்கக் கரிமத்தைக் கையாளக் கற்ற கரிம வேதியியலாளர், 1948இல் வந்தார். எல்லோரும் இளையவர்கள். எல்லோரும் ஏறக்குறைய வேதியியலின் ஏதோ ஒரு கிளையைச் சேர்ந்தவர்கள். ஆனால் ஒருவர் கருவி இன்னொருவர் கையில் இல்லை.

மில்லர் தம்பதியின் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வெண்ணெய் மஞ்சள் என்று ஒரு சாயம். ஒரு காலத்தில் வெண்ணெய்க்கு நிறமூட்டப் பயன்பட்டது. எலிகளுக்கு அதைத் தீனியில் கலந்து கொடுத்தால் கல்லீரலில் புற்று வரும் என்று 1930களிலேயே ஜப்பானியர்கள் காட்டியிருந்தார்கள். எப்படி வருகிறது? மில்லர் தம்பதி அந்த எலிகளின் ஈரலை அரைத்துப் புரதத்தைப் பிரித்து, கரைப்பானில் கழுவினார்கள். சாயம் எண்ணெய்ப் பசை உள்ள பொருள், கழுவினால் போய்விட வேண்டும். ஒரு பங்கு போகவில்லை. அது புரதத்தோடு வேதிப் பிணைப்பால் ஒட்டிக்கொண்டிருந்தது. அமிலத்தில் சிவக்கும் சாயம் என்பதால் ஒட்டியிருந்ததைக் கண்டுபிடிக்க முடிந்தது. 1947இல் வெளியான இந்தச் சேதி, புற்று உண்டாக்கும் வேதிப்பொருள் ஒன்று உடலின் பெரிய மூலக்கூறோடு உண்மையிலேயே பிணைகிறது என்பதற்கு முதல் சான்று.

அதோடு அவர்கள் நிற்கவில்லை. சோதனைக்குழாயில் அந்தச் சாயத்தையும் புரதத்தையும் சும்மா கலந்து வைத்தால் பிணைவதில்லை. அப்படியானால் உடலுக்குள் போன பிறகு ஏதோ நடக்கிறது. 1960 வாக்கில் வேறொரு வேதிப்பொருளை வைத்து அதையும் பிடித்தார்கள்: நஞ்சை முறிக்க வேண்டிய கல்லீரல் நொதிகளே அந்தப் பொருளை வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றன. கினிப் பன்றிக்கு அந்தப் பொருள் புற்று உண்டாக்குவதில்லை. அதன் ஈரல் அந்த மாற்றத்தைச் செய்வதில்லை என்பதே காரணம். ஒரு வேதிப்பொருள் மரபணுவை மாற்றுமா என்று அறியப் பின்னாளில் புரூஸ் ஏம்ஸ் வகுத்த பாக்டீரியாச் சோதனையில் எலியின் ஈரல் சாற்றைச் சேர்ப்பது இந்த அறிவின் மேல் நின்றுதான்.

ஆனால் ஓர் இடத்தில் மில்லர் தம்பதி நெடுநாள் தங்கிவிட்டார்கள். பிணைப்பு புரதத்தில் தெரிந்ததால் புரதமே இலக்கு என்று கருதினார்கள். செல்லின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் புரதங்கள் இப்படி இழக்கப்படுவதால் புற்று வருகிறது என்பது அவர்கள் கருதுகோள். லண்டனில் புரூக்ஸும் லாலியும் 1964இல், தார் வகை வேதிப்பொருள்கள் டி.என்.ஏ.வோடு பிணையும் அளவுக்கும் அவற்றின் புற்றுவலிமைக்கும் தொடர்பு உண்டு என்று காட்டிய பிறகே காற்று திசை மாறியது. வேதியியலாளர்களாலேயே ஆன ஓர் ஆய்வகத்துக்கு இப்படி நேர்வது இயல்புதான். கையில் இருக்கும் முறைக்கு எது தெரிகிறதோ அதுவே உலகம் என்றாகிவிடும்.

அதே வேதியியல் கண்தான் ஹைடல்பெர்கருக்கு வேறொன்றைக் காட்டியது. எலியின் ஈரல் புற்று, சாதாரண ஈரலைக் காட்டிலும் கூடுதலாக யூராசிலை எடுத்துக்கொள்கிறது என்று 1954இல் ஒரு தாள் வந்திருந்தது. யூராசில் என்பது ஆர்.என்.ஏ.வின் ஓர் எழுத்து. அதன் ஐந்தாம் இடத்தில் உள்ள ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஃபுளோரினை வைத்தால் என்ன ஆகும் என்று அவர் யோசித்தார். ஃபுளோரின் அளவில் ஹைட்ரஜனுக்கு நெருக்கமானது. செல் வித்தியாசம் தெரியாமல் உள்ளே விட்டுவிடும். டி.என்.ஏ.வுக்குத் தேவையான தைமினைச் செய்யும் நொதி அந்த ஐந்தாம் இடத்தில் வேலை செய்ய வரும்போது, ஃபுளோரின் கழலாமல் நொதியைப் பூட்டிவிடும். ஹாஃப்மன்-லா ரோச் நிறுவன வேதியியலாளர்களின் துணையோடு உருவாகி 1957இல் அறிவிக்கப்பட்ட அந்த மருந்துதான் 5-ஃபுளோரோயூராசில். இன்று சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பெருங்குடல் புற்றுக்குச் சிகிச்சை பெறுபவரின் மருத்துவச் சீட்டில் அதுவோ, உடலுக்குள் போய் அதுவாகவே மாறும் கேபசிடபீன் மாத்திரையோ இருக்கும். தற்செயலாகக் கிடைத்த மருந்துகள் நிறைய உண்டு. இது தாளில் யோசித்து, காரணம் சொல்லிச் செய்த மருந்து.

இவர்கள் நடுவே 1960இல் வந்து சேர்ந்தவர் ஹோவர்ட் டெமின். வயது 25. வைரஸ் ஆய்வாளர். கோழிக்குப் புற்று உண்டாக்கும் ரௌஸ் சார்கோமா வைரஸ் அவர் பொருள். அவருக்குக் கிடைத்தது நிலவறை. திசு வளர்க்கும் அறையில் கழிவுநீர்த் தொட்டி, உயிர்வேதியியல் அறையில் கட்டடம் முழுவதற்குமான நீராவிக் குழாய்கள். ரௌஸ் வைரஸின் மரபுப் பொருள் ஆர்.என்.ஏ. ஆனால் அது தாக்கிய செல் தலைமுறை தலைமுறையாக மாறியே இருக்கிறது. அப்படியானால் வைரஸின் செய்தி டி.என்.ஏ.வாக எழுதப்பட்டுச் செல்லின் மரபோடு சேர்ந்திருக்க வேண்டும் என்று 1964இல் டெமின் சொன்னார். டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ., அதிலிருந்து புரதம் என்ற ஒரு வழிப் போக்கை வேதமாகக் கொண்டிருந்த துறை அதை ஏற்கவில்லை. சான்றும் மறைமுகமானதாகவே இருந்தது. மறுத்தவர்கள் வெறும் பிடிவாதக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன்.

ஆறு ஆண்டுகள் போயின. 1970இல் சதோஷி மிசுதானியும் டெமினும் வைரஸ் துகளுக்குள்ளேயே ஆர்.என்.ஏ.வைப் படித்து டி.என்.ஏ. எழுதும் நொதி இருப்பதைக் காட்டினார்கள். அதே வேளையில் எம்.ஐ.டி.யில் டேவிட் பால்டிமோர் தனியே, எலியின் வைரஸ் ஒன்றில், அதே நொதியைக் கண்டார். இரண்டு கட்டுரைகளும் ஜூன் 27 நேச்சர் இதழில் அடுத்தடுத்து வந்தன. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்று பெயர் பெற்ற அந்த நொதியை இன்று எல்லோரும் அறிவோம்: கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனையின் முதல் வேலையை அதுதான் செய்கிறது. 1975இல் டெமின், பால்டிமோர், ரெனாட்டோ டல்பெக்கோ மூவரும் நோபல் பெற்றார்கள். பால்டிமோர் பள்ளி மாணவராக ஜாக்சன் ஆய்வகக் கோடை முகாமுக்குப் போனபோது அங்கே மூத்த மாணவராக வழிகாட்டியவர் டெமின். பிறகு இருவரும் ஸ்வார்த்மோர் கல்லூரியிலேயே வெவ்வேறு ஆண்டுகளில் படித்தார்கள். இரண்டு மையங்களின் கதையும் பின்னிக்கிடப்பது இப்படி. மரபணுக் குறியீட்டுக்காக நோபல் பெற்ற ஹர் கோவிந்த் கொரானாவும் 1970இல் விஸ்கான்சினிலிருந்து எம்.ஐ.டி.க்குத்தான் போனார், அவர் இருந்தது வேறு ஆய்வகம் என்றாலும்.

1974இல் லூரியா தன் மையத்துக்கு ஆள் சேர்த்தபோது பால்டிமோர் அதன் முக்கியத் தூண். மற்றவர்கள் பெரும்பாலும் முப்பதைத் தொட்டவர்கள்: ஃபிலிப் ஷார்ப், ராபர்ட் வைன்பெர்க், நான்சி ஹாப்கின்ஸ், டேவிட் ஹவுஸ்மன். ரஷ்ஷின் தேர்வுக்கும் லூரியாவின் தேர்வுக்கும் உள்ள வேறுபாடு இங்கே. ரஷ் ஒரு நோயைச் சுற்றிப் பல கருவிக்காரர்களை வைத்தார். லூரியா ஒரு கருவியைச் சுற்றி, அதில் தேர்ந்தவர்களை நெருக்கமாக வைத்தார். கருவி வைரஸ். சில மரபணுக்களே கொண்ட ஒரு துகள் ஒரு செல்லைப் புற்றாக்குகிறது என்றால், அந்தச் சில மரபணுக்களுக்குள் விடை இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஷார்ப், பால்டிமோர், வைன்பெர்க், ஹாப்கின்ஸ் ஆகியோரின் ஆய்வகங்கள் ஒரே தளத்தில், ஐந்தாம் மாடியில். ஒருவர் தயாரித்த வைரஸ் மறுநாள் இன்னொருவர் மேசையில் இருக்கும் தூரம்.

வேகம் கிடைத்தது. வெள்ளெலிகளில் புற்று உண்டாக்கும் அடினோவைரஸை ஷார்ப் எடுத்துக்கொண்டார். அதன் தூது ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வோடு இணையவிட்டு, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சூசன் பெர்கெட்டும் கிளேர் மூரும் அவரும் பார்த்தபோது, டி.என்.ஏ. இழை இடையிடையே சுருள் சுருளாகத் துருத்திக்கொண்டிருந்தது. ஆர்.என்.ஏ.வில் இல்லாத பகுதிகள் அவை. மரபணு துண்டு துண்டாக எழுதப்பட்டிருக்கிறது, நடுவில் உள்ளதை வெட்டி ஒட்டிய பிறகே செய்தி உருவாகிறது என்ற 1977ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு ஷார்ப்புக்கு 1993இல், ரிச்சர்ட் ராபர்ட்ஸோடு, நோபல் தந்தது. மையம் திறந்து மூன்றே ஆண்டுகள். விஸ்கான்சினில் மில்லர் தம்பதிக்குச் சாயத்தின் முதல் படியிலிருந்து அடுத்த படிக்கு வர 13 ஆண்டுகள் ஆயின.

ஆனால் அடினோவைரஸ் மனிதரில் புற்று உண்டாக்குவதில்லை. மனிதப் புற்றில் பெரும்பகுதிக்கு எந்த வைரஸும் காரணமில்லை. எம்.ஐ.டி.யின் கண்ணிலும் ஒரு மறைவு இருந்தது. அதைத் தாண்டியவர் வைன்பெர்க்; அவர் தாண்டிய விதம்தான் இந்த ஒப்பீட்டின் நடுக்கம்பம். 1979இல் அவர் ஆய்வகத்தில், வைரஸே இல்லாத ஒரு சோதனை நடந்தது. தார் வகையைச் சேர்ந்த மீதைல்கோலாந்திரீன் என்ற வேதிப்பொருளால் புற்றான எலிச் செல்களின் டி.என்.ஏ.வை எடுத்து, சாதாரணச் செல்களுக்குள் செலுத்தினார்கள். தட்டில் புற்றுத் திட்டுகள் முளைத்தன. அதாவது வேதிப்பொருள் செய்த கேடு டி.என்.ஏ.வில் பதிந்திருக்கிறது, அதை இன்னொரு செல்லுக்கு மாற்ற முடியும். மில்லர்களின் கேள்வியை வைரஸ்காரர்களின் கைத்திறன் விடுவித்தது. தட்டில் திட்டுகளை எண்ணும் அந்த முறைகூட, டெமின் மாணவப் பருவத்தில் ஹாரி ரூபினோடு ரௌஸ் வைரஸுக்கு வகுத்த முறையின் வழி வந்ததே.

அடுத்து மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றின் செல். 1982இல் வைன்பெர்க் குழு உட்பட மூன்று குழுக்கள் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தன. ராஸ் என்ற அந்த மரபணுவுக்கும் சாதாரண மனிதனிடம் உள்ளதற்கும் ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு. அதனால் புரதத்தின் 12ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் வேலின் உட்கார்ந்திருந்தது. எலிக் கருக்களில் இன்னொரு வேதிப்பொருள் உண்டாக்கிய நரம்புக் கட்டியிலிருந்து அதே ஆய்வகம் எடுத்த நியூ என்ற மரபணுவின் மனித வடிவம்தான், மார்பகப் புற்று நோயாளிகளின் அறிக்கையில் இன்று காணும் ஹெர்2.

வைரஸ் மையம் வேதிப்பொருளிடம் திரும்பியபோதுதான் மனிதப் புற்றை எட்டியது. வேதியியல் ஆய்வகம் ஒரு வைரஸ்காரரை நிலவறையில் வைத்திருந்ததால்தான் அதன் மிகப் பெரிய கண்டுபிடிப்பு நடந்தது. இரண்டு இடங்களிலும் பெரிய திருப்பம், மையத்தின் பொதுப் போக்குக்கு ஒத்துவராத ஒன்றிலிருந்து வந்தது. அதற்கு இடம் விட்டதில் எது தேறியது என்று கேட்டால் விஸ்கான்சின் என்பேன். ஒரு சின்ன விவரமே எனக்குப் போதும். டெமினின் கருத்தைத் துறை ஏற்க மறுத்த அதே ஆண்டுகளில் அந்தப் பல்கலைக்கழகம் அவரை 1964இல் இணைப் பேராசிரியராகவும் 1969இல் முழுப் பேராசிரியராகவும் உயர்த்தியது. நொதி கண்டுபிடிக்கப்பட இன்னும் ஓர் ஆண்டு இருந்தது. வெளியுலகம் சான்றிதழ் தரும் வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

எம்.ஐ.டி. மையத்தின் கணக்கில் ஒரு கசப்பும் எழுதப்பட வேண்டும். நெருக்கமாக இடம் கொடுத்ததுதான் அதன் பலம் என்றேன். அந்த இடம் சமமாகக் கொடுக்கப்படவில்லை. வரிக்குதிரை மீன்களில் ஆய்வு தொடங்க நான்சி ஹாப்கின்ஸ் கூடுதலாகக் கேட்டது 200 சதுர அடி. மறுக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் அவர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு இரவில் ஆய்வகம் ஆய்வகமாக அளந்தார். மூத்த பேராசிரியரான தனக்கு இருந்த இடம், அதே நிலையில் இருந்த ஆண்களுக்கு இருந்ததைவிடக் குறைவு என்று எண்ணாகத் தெரிந்தது. எம்.ஐ.டி.யின் மற்றப் பெண் பேராசிரியர்களும் சேர்ந்தார்கள். 1999இல் வெளியான அறிக்கையில் நிர்வாகமே பாகுபாட்டை ஒப்புக்கொண்டது. ஐந்தாம் மாடியின் அறிவியல் வரலாற்றில் இதையும் நான் சேர்த்தே வைப்பேன். ஒரு மையத்தைத் திட்டமிடுபவர்கள் சதுர அடியைக் கட்டடக்காரர்களின் கணக்கு என்று விட்டுவிடுகிறார்கள். யாருடைய கேள்வி கேட்கப்படும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

நோயாளிகளோடு உறவு என்ற விஷயத்தில் இரண்டும் எதிரெதிரே தொடங்கவில்லை. விஸ்கான்சினில் மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருந்தும் ரஷ் ஆய்வகத்தைத் தனியாகவே வைத்திருந்தார்; சிகிச்சைக்கென்று வேறொரு மையத்தை 1970களில்தான் அவரே முன்னின்று உருவாக்கினார். எம்.ஐ.டி. மருத்துவமனை தேடிப் போகவில்லை, பொறியாளர்களிடம் போனது. 2007இல் டேவிட் கோக் தந்த 10 கோடி டாலர் நன்கொடையோடு மையம் கோக் நிறுவனமாக மாறி, 2011இல் புதுக் கட்டடத்தில் உயிரியலாளர்களையும் பொறியாளர்களையும் ஒன்றாக உட்காரவைத்தது. ஒரே கருவியைச் சுற்றித் தொடங்கிய இடம், ரஷ்ஷின் வழிக்கு, பல கருவிக்காரர்களின் வழிக்கு வந்து சேர ஏறக்குறைய 35 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

எம்.ஐ.டி.யைப் பார்த்து மையம் தொடங்க ஆசைப்படுபவர்களே அதிகம். அது புரிகிறது, மூன்றாண்டில் நோபல் தரத்துக் கண்டுபிடிப்பு யாருக்குத்தான் வேண்டாம்? ஆனால் லூரியா வெறும் தரையில் கட்டவில்லை. உலகின் முன்னணி உயிரியல் துறை ஒன்று அவர் காலடியில் இருந்தது, பால்டிமோர் ஏற்கெனவே அங்கே இருந்தார், சட்டம் போட்டு அரசு பணம் தந்தது. இவை மூன்றும் இல்லாத பல்கலைக்கழகம் அந்த வேகத்தை நகலெடுக்கப் பார்த்தால் விலையுயர்ந்த கருவிகளும் புதுக்கட்டடமும் மிஞ்சும். மேடிசனில் நடந்ததை எட்ட அவ்வளவு முன்னிருப்பு தேவையில்லை: ஒரு கொடை, உள்ளூரில் படித்த ஓர் இளம் இயக்குநர், ஒன்றுக்கொன்று ஒத்துவராத நாலைந்து துறைகளிலிருந்து இளைஞர்கள், அவர்களுக்கு நிலையான வேலை. கடைசியாகச் சொன்னதுதான் கைக்கு எட்டாதது. ஆய்வுப் பணியிடங்களை இரண்டாண்டு, மூன்றாண்டு ஒப்பந்தத்தில் நிரப்பிக்கொண்டிருக்கும் ஒரு பல்கலைக்கழகம், ஆறு ஆண்டு நேரடிச் சான்றில்லாமல் இருந்த டெமினை எங்கே வைத்திருக்கும்?

1982இல் ராஸ் மரபணுவின் அந்த ஓர் எழுத்து தெரிந்துவிட்டது. அதன் உடன்பிறப்பு மரபணுவில், அதே 12ஆம் இடத்தில் நேரும் ஒரு மாற்றத்தைக் குறிவைக்கும் சோட்டோராசிப் என்ற மருந்துக்கு, நுரையீரல் புற்றுக்காக, அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 2021இல். நடுவில் 39 ஆண்டுகள். ராஸ் புரதத்தில் மருந்து போய்ப் பிடிக்கக் குழியே இல்லை என்று துறையில் பலர் கைவிட்ட ஆண்டுகளும் அவற்றில் அடக்கம். மையத்துக்கான அரசு மானியம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபடி விண்ணப்பித்துப் பெற வேண்டியது. அந்தக் கணக்கில் 39 ஆண்டுகள் என்பது ஏழெட்டு விண்ணப்பங்கள், ஒவ்வொன்றிலும் புதிதாக ஏதாவது காட்டியாக வேண்டும். புது மையத்துக்குத் திட்ட அறிக்கை எழுத உட்காருபவர்கள் கருவிப் பட்டியலுக்கு முன்னால் நிரந்தரப் பணியிடங்களின் எண்ணிக்கையை எழுத வேண்டும். அதற்கான சம்பளம் மானியத்திலிருந்து வராது, பல்கலைக்கழகத்தின் சொந்தக் கணக்கிலிருந்து வரும் என்று அடுத்த வரியிலேயே எழுத வேண்டும்.